எந்த இலையை விடுவது?

ஓர் ஆலமரத்தைப் படமெடுத்துப் பாருங்கள். இன்றைய நல்ல கேமரா ஒன்று 6000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் கொண்ட படத்தைத் தரும். மொத்தம் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். விழுதும், விழுதில் ஊரும் எறும்பும், பின்னால் நிற்கும் மின்கம்பமும், எட்டாத உயரத்து இலையும் ஒரே அக்கறையோடு பதிவாகியிருக்கும். அக்கறை என்ற சொல்கூட இங்கே பொருந்தாது. கேமராவுக்கு எதுவுமே முக்கியமில்லை. அதனால் எதையும் அது விடுவதில்லை. அதே மரத்தை வரைய உட்காரும் ஓவியர் முதலில் செய்வது விடுவதுதான். நூற்றுக்கணக்கான இலைகளை ஒரே பச்சைத் தீற்றலில் முடித்துவிடுவார். வெயிலும் நிழலும் சந்திக்கும் கிளையில் மட்டும் பத்து இலைகளைத் தனித்தனியே வைப்பார். மீதி மரத்தைப் பார்க்கிறவர் தாமே நிரப்பிக்கொள்வார்.

போட்டோஷாப், கிம்ப், கைபேசிச் செயலிகள் என்று எங்கும் புகைப்படத்தை ஓவியமாக்கும் வசதி வந்துவிட்டது. காட்டின் படம் ஒன்றைக் கொடுத்தால் சில நொடிகளில் எண்ணெய் வண்ண ஓவியத்தின் சாயலில் ஒன்று கிடைக்கிறது. சில படங்களில் அது உண்மையிலேயே அழகாக அமைகிறது. பலவற்றில் குழம்பிய பச்சைதான் மிஞ்சுகிறது. இந்த வேறுபாடு எங்கே பிறக்கிறது? எதை விடுவது என்பதை ஒரு கணக்குக்கு எப்படிக் கற்றுத்தருவது? ஐம்பது ஆண்டுகளாகப் பலர் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்களில் முதலாமவர் கலையை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அங்கே போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். புகைப்படம் உண்மை, மென்பொருள் தொட்டபின் அது பொய் என்று பலரும் நினைக்கிறார்கள். கேமராவின் உணரியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. 1976-இல் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. மற்ற இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் ஊகித்துக்கொள்கிறது. ஆக, படத்தில் நாம் காணும் நிற மதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு கணக்குப் போட்டு வந்தவை. பக்கத்துப் புள்ளியைக் கேட்டு ஒரு புள்ளியின் நிறத்தை முடிவு செய்யும் இந்த வேலையின் நீட்சிதான் ஓவியமாக்கும் மென்பொருளும்.

நம் கண்ணும் எல்லாவற்றையும் பதிவு செய்வதில்லை. ஒரு நேரத்தில் நாம் கூர்மையாகப் பார்ப்பது ஏறத்தாழ 2 பாகை அகலமுள்ள வட்டத்தை மட்டும். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வெளியே உள்ளதெல்லாம் மங்கல். கண் நொடிக்கு மூன்று தடவை போலத் தாவித் தாவி முக்கியமான இடங்களைத் தொட்டு வருவதால் முழுக் காட்சியும் தெளிவாக இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. இதைப் புகைப்படக் கலைக்குள் கொண்டுவந்தவர் பீட்டர் ஹென்றி எமர்சன். மருத்துவம் படித்தவர்; இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி நீர்நிலைகளையும் அங்கே நாணல் அறுப்பவர்களையும் படமெடுத்தவர். கண்ணின் செயல்பாடு பற்றி ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியவற்றைப் படித்துவிட்டு, படத்தில் முக்கியமானது மட்டும் தெளிவாகவும் மற்றவை மென்மையாகவும் இருக்க வேண்டும் என்று 1889-இல் ஒரு நூலில் வாதாடினார். ஓரிரு ஆண்டுகளிலேயே புகைப்படம் கலை என்ற தன் வாதத்தை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் அவர் கிளப்பிய எண்ணம் அடங்கவில்லை. 1904-இல் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குளத்தையும் நிலவையும் படமெடுத்து, ஒளியுணர்வுள்ள பசையைக் கையால் பூசி வண்ணம் ஏற்றினார். அந்தப் படத்தின் ஒரு பிரதி 2006-இல் 29 லட்சம் டாலருக்கு விற்றது. அதில் மரங்கள் இருக்கின்றன, நீரில் அவற்றின் நிழல் இருக்கிறது. தனி இலை என்று ஒன்றுகூடக் கண்ணுக்குப் படாது.

ஸ்டைக்கன் கையால் விட்டதைக் கணினி எப்படி விடும்?

எளிய வழி மங்கலாக்குவது. ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுப்புறத்தின் சராசரியாக மாற்றிவிடலாம். இலைகள் கரையும், உண்மைதான். கூடவே மலைமுகடும் கரையும், கொக்கின் கழுத்தும் கரையும். ஓவியம் அப்படி இருக்காது. ஓவியத்தில் உள்பரப்புகள் எளிமையாகவும் ஓரங்கள் கூர்மையாகவும் இருக்கும். நமக்கு வேண்டியது ஓரத்தைத் தொடாமல் உள்ளே மட்டும் மெழுகும் கணக்கு.

அந்தக் கணக்கு மருத்துவத்திலிருந்து வந்தது. ஜப்பானில் மிச்சியோஷி குவஹாராவும் அவருடைய சகாக்களும் இதயத்தின் படங்களோடு போராடிக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தில் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, அது இதயத்தைக் கடக்கும்போது எடுக்கும் படங்கள் அவை. கதிர்கள் குறைவாகவே வந்து சேர்வதால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். இரைச்சலைத் துடைக்க வேண்டும். இதய அறையின் சுவர் எங்கே என்பது மட்டும் அழியக் கூடாது. 1976-இல் அவர்கள் வெளியிட்ட தீர்வு இன்று குவஹாரா ஃபில்டர் என்று அறியப்படுகிறது. அதன் எளிமை எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கறுப்பு வெள்ளைப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255. ஓர் இலை 60 அளவில் இருளாக இருக்கிறது, பின்னால் வானம் 220 அளவில் வெளிச்சமாக இருக்கிறது. இலையின் ஓரத்தில், இலைக்குள் கடைசியாக உள்ள புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதை நடுவில் வைத்து 5-க்கு 5 என்று ஒரு கட்டம் போட்டால் 25 புள்ளிகள் வரும். இடப்பக்க மூன்று வரிசைகள் இலை, வலப்பக்க இரண்டு வரிசைகள் வானம். சாதாரணச் சராசரி எடுத்தால் 124 வரும். அது இலையின் நிறமும் இல்லை, வானத்தின் நிறமும் இல்லை. ஓரம் அழிந்தது.

குவஹாரா அந்தக் கட்டத்தை நான்கு சிறு கட்டங்களாகப் பார்க்கச் சொல்கிறார். ஒவ்வொன்றும் 3-க்கு 3. நான்கும் நடுப்புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்று படியும். ஒவ்வொன்றிலும் சராசரி என்ன, மதிப்புகள் அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று இரண்டு கணக்குகள். வலப்பக்கக் கட்டங்களில் இலையும் வானமும் கலந்திருப்பதால் சிதறல் அதிகம். இடப்பக்கக் கட்டங்கள் முழுக்க இலை என்பதால் சிதறல் மிகக் குறைவு. சிதறல் எதில் குறைவோ அதன் சராசரியை நடுப்புள்ளிக்குக் கொடு, மற்றதை மறந்துவிடு. விடை 60. அடுத்த புள்ளிக்கு, அதாவது வானத்தின் முதல் புள்ளிக்கு, இதே கேள்வியைக் கேட்டால் வலப்பக்கக் கட்டம் முழுக்க வானமாக இருக்கும், விடை 220. இலையின் உள்ளே நரம்புகளும் கறைகளும் கரைந்து ஒரே பரப்பாகின்றன. ஓரம் கத்தியால் வெட்டியதாக நிற்கிறது. மருத்துவர்களுக்கு வேண்டியது கிடைத்தது. பின்னால் இதைச் சாதாரணப் படங்களில் போட்டுப் பார்த்தவர்களுக்கு, திட்டுத் திட்டாகப் பூசிய வண்ண ஓவியம் கிடைத்தது.

கிம்ப்பில் உள்ள ஆயிலிஃபை என்ற ஃபில்டர் இதற்கு உறவுக்காரன்தான், கணக்கு வேறு. சுற்றுப்புறத்தில் எந்த வெளிச்ச அளவு அதிகப் புள்ளிகளுக்கு இருக்கிறது என்று எண்ணி, பெரும்பான்மைக்குரிய நிறத்தை நடுப்புள்ளிக்குத் தருகிறது. சராசரி எடுக்கும்போது பிறக்கும் இடைநிலைக் குழப்ப நிறங்கள் இங்கும் பிறப்பதில்லை.

கட்டடங்களின் படங்களில் இவை நன்றாகவே வேலை செய்யும். இயற்கைதான் இவற்றுக்குக் கடினமான சோதனை. புல்வெளியின் படத்தில் எந்தச் சிறு கட்டத்தை எடுத்தாலும் சிதறல் அதிகம்தான். புல்லும் இடைவெளியும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலக் கலந்திருக்கின்றன. நான்கில் எது குறைவு என்பது மயிரிழை வித்தியாசத்தில் முடிவாகும். அடுத்தடுத்த புள்ளிகள் வெவ்வேறு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும். விளைவு, சதுரம் சதுரமான தழும்புகள். இறகுகள், அலைகள், சருகுகள் எல்லாவற்றிலும் இதே சங்கடம்.

இதைச் சரிசெய்ய 2007-இல் ஆய்வாளர் பப்பாரியும் அவருடைய சகாக்களும் சதுரங்களை நீக்கி, வட்டத்தைத் துண்டு போட்டதுபோன்ற பகுதிகளை வைத்தார்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்காமல், சிதறல் குறைந்ததற்கு அதிக மதிப்பு என்று எல்லாவற்றையும் கலந்தார்கள். 2009-இல் யான் கிப்ரியானிடிஸ், ஹென்றி காங், யுர்கன் டோல்னர் மூவரும் இன்னொரு படி போனார்கள். வட்டத்தை நீள்வட்டமாக்கி, அந்த இடத்தின் போக்கில் திருப்பி வைத்தார்கள். நாணலில் நீள்வட்டம் நாணல் நெடுக நீளும். வானத்தில் போக்கு என்று எதுவும் இல்லாததால் வட்டமாகவே இருக்கும். தூரிகை பொருளின் வடிவத்தைப் பின்பற்றிப் போனதுபோன்ற தோற்றம் இதிலிருந்து வருகிறது.

போக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் ஓர் அழகான சிக்கல் உண்டு. புல் இதழ் ஒன்றைக் குறுக்கே கடந்தால் ஒரு பக்கம் இருளிலிருந்து வெளிச்சத்துக்கும், மறுபக்கம் வெளிச்சத்திலிருந்து இருளுக்கும் மாறும். இரண்டு மாற்றங்களும் எதிரெதிர்த் திசை. கூட்டினால் பூஜ்யம், புல்லே இல்லை என்று கணக்கு சொல்லிவிடும். அதனால் மாற்றங்களை வர்க்கப்படுத்திக் கூட்டுகிறார்கள். வர்க்கப்படுத்தினால் கூட்டல் கழித்தல் குறி மறைந்துவிடும், இரண்டு ஓரமும் ஒன்றையொன்று வலுப்படுத்தும். நம் மூளையிலும் போக்கை அறியத் தனி ஏற்பாடு இருக்கிறது. குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்கு மட்டும் துடிக்கும் செல்களைப் பூனையின் மூளைப் புறணியில் ஹியூபலும் வீசலும் கண்டு 1959-இல் வெளியிட்டார்கள். 1981-இல் நோபல் பரிசு பெற்றார்கள். புல்வெளியைப் பார்த்ததும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று நமக்குத் தெரிவதற்குப் பின்னால் அத்தகைய செல்களின் வேலையும் இருக்கிறது.

இதுவரை சொன்னவை படத்தை மெழுகும் வழிகள். இன்னொரு பள்ளி வெற்றுத் திரையிலிருந்து தொடங்குகிறது. 1990-இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் பால் ஹேபர்லி ஒரு நிரலைக் காட்டினார். புகைப்படம் மறைந்திருக்கும், நீங்கள் வெள்ளைத் திரையில் மவுஸை ஓட்டினால் அந்தந்த இடத்துக்குரிய நிறத்தைப் புகைப்படத்திலிருந்து எடுத்து ஒரு தீற்றலாக இடும். எங்கே, எவ்வளவு பெரிதாக, எந்தச் சாய்வில் என்பதை மனிதர் முடிவு செய்வார். நிறத்தை மட்டும் கணினி பார்த்துக்கொள்ளும். அடுத்த ஆண்டே ஃப்ராக்டல் டிசைன் நிறுவனம் பெயின்டர் என்ற மென்பொருளை உண்மையான பெயின்ட் டப்பாவில் அடைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மனிதரின் கையையும் விலக்கிவிட 1998-இல் ஏரன் ஹெர்ட்ஸ்மன் வழி சொன்னார். ஓவியர்கள் பெரிய தூரிகையில் தொடங்கிச் சிறியதில் முடிப்பதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். முதலில் படத்தை நன்றாக மங்கலாக்கி, அதைப் பார்த்துப் பெரிய தூரிகையால் திரையை நிரப்ப வேண்டும். பிறகு மங்கலைக் குறைத்து, திரையோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் ஓர் எல்லையைத் தாண்டும் இடங்களில் மட்டும் அடுத்த சிறிய தூரிகை. இப்படி 8, 4, 2 பிக்சல் ஆரமுள்ள தூரிகைகள். தீற்றல்கள் நேர்க்கோடுகளாக இல்லாமல் பொருளின் வளைவைப் பின்தொடரும். போகப் போகத் தன் நிறம் பொருந்தவில்லை என்றால், அதாவது திரையில் ஏற்கெனவே உள்ள நிறமே அந்த இடத்துக்கு நெருக்கம் என்றால், தீற்றல் நின்றுவிடும். வானம் பெரிய தீற்றல்களோடு நின்றுவிடுகிறது. மீன்கொத்தியின் அலகில் சிறு தீற்றல்கள் குவிகின்றன.

அதே ஆண்டு வெளிவந்த 'வாட் ட்ரீம்ஸ் மே கம்' என்ற ஹாலிவுட் படத்தில் மறைந்த ஒருவர் தன் மனைவியின் ஓவியத்துக்குள் நடந்து போகிறார். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில் எடுத்த உண்மையான இயற்கைக் காட்சிகளைக் கணினி ஓவியமாக்கியது. அசையும் படத்தில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு: ஒவ்வொரு சட்டகத்தையும் தனியாக ஓவியமாக்கினால் தீற்றல்கள் இடம் மாறித் திரை முழுதும் கொதிக்கும். ஒவ்வொரு புள்ளியும் அடுத்த சட்டகத்தில் எங்கே நகர்ந்தது என்று கணித்து, தீற்றலை அந்தப் புள்ளியோடு சேர்த்தே நகர்த்தினார்கள். அந்தப் படத்துக்குக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது.

ஹெர்ட்ஸ்மனின் முறையில் ஒரு குறை பாக்கி இருக்கிறது, இந்தத் துறையின் மையமான கேள்வியே அதுதான் என்பது என் எண்ணம். வித்தியாசம் அதிகமுள்ள இடத்தில் சிறு தூரிகை என்று சொன்னோம். சருகுக் குவியலில் வித்தியாசம் ஏராளம். ஆகவே கணினி சருகுகளை ஒவ்வொன்றாக, பயபக்தியோடு வரையும். சருகுகள் நடுவே அசையாமல் உட்கார்ந்திருக்கும் பக்கிக் குருவியின் கண்ணுக்கும் அதே கவனிப்புதான். எது விவரம் என்று கணக்குக்குத் தெரிகிறது. எது முக்கியம் என்று தெரியவில்லை.

2002-இல் டக் டிகார்லோவும் ஆன்டனி சான்டெல்லாவும் எடுத்த முடிவு நேரடியானது: கணக்குக்குத் தெரியாவிட்டால் மனிதரின் கண்ணைக் கேட்போம். பார்வை எங்கே நிலைக்கிறது என்று பதியும் கருவியின் முன் ஒருவரை அமர்த்தி, புகைப்படத்தைச் சில நொடிகள் காட்டினார்கள். கண் தங்கிய இடங்களில் விவரத்தை வைத்துக்கொண்டு, கண் தொடாத இடங்களைப் பெரிய தட்டையான வண்ணப் பரப்புகளாக எளிமையாக்கினார்கள். படம் பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும் குறுகிய வட்டம், தாவும் பார்வை என்று எமர்சன் நூறாண்டுக்கு முன் லென்சால் செய்ய முயன்றதை இவர்கள் அளந்தே செய்துவிட்டார்கள். பிறகு நடத்திய சோதனையில், அப்படி எளிமையாக்கிய படங்களைப் புதிதாகப் பார்க்கிறவர்களின் பார்வையும் விவரம் மிஞ்சிய இடங்களிலேயே குவிவது தெரியவந்தது. ஒருவர் எங்கே பார்த்தாரோ அங்கே இன்னொருவரைப் பார்க்கவைக்க முடிகிறது. ஓவியர்கள் காலங்காலமாகச் செய்துவருவதும் இதைத்தான்.

2015-இல் இன்னொரு திசையிலிருந்து பெரிய அலை வந்தது. ஜெர்மனியின் டுபிங்கன் பல்கலைக்கழகத்தில் லியோன் காட்டிஸும் சகாக்களும், தங்கள் ஊரில் நெக்கார் ஆற்றங்கரை வீடுகளைக் காட்டும் ஒரு புகைப்படத்தை வான்கோ, டர்னர், முங்க் ஆகியோரின் பாணிகளில் மாற்றிக் காட்டினார்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று அடையாளம் காணப் பழக்கிய நரம்பியல் வலையமைப்பு ஒன்றை அவர்கள் பயன்படுத்தினார்கள். ஒரு படத்தை அந்த வலையமைப்பு பார்க்கும்போது ஒவ்வோர் அடுக்கிலும் சில கூறுகள் விழித்துக்கொள்கின்றன: சுழி, நீலம், தடித்த கோடு என்பனபோல. எந்தக் கூறுகள் சேர்ந்தே விழிக்கின்றன என்ற பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, அவை படத்தில் எந்த இடத்தில் விழித்தன என்பதைத் தூக்கியெறிந்தால் மிஞ்சுவதுதான் பாணி. ஊரில் யார் யார் கூடவே திரிகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, எந்தத் தெருவில் என்பதை விட்டுவிடுவதுபோல. புகைப்படத்திலிருந்து இடங்களும் ஓவியத்திலிருந்து பட்டியலும் பொருந்தும்வரை புதிய படத்தின் புள்ளிகளைத் திருத்திக்கொண்டே போவார்கள். அடுத்த ஆண்டே இந்த வழியை மிக வேகமாக்கும் முறைகள் வந்தன. பிரிஸ்மா செயலி அதைக் கைபேசிக்குக் கொண்டுவந்தது.

டுபிங்கன் படம் எவ்வளவு வசீகரமானதோ, பறவைப் படங்களில் இந்த முறை அவ்வளவு ஆபத்தானது என்று நினைக்கிறேன். வான்கோவின் சுழிகள் வானத்துக்கு உரியவை. இடத்தை மறந்த பட்டியலுக்கு அது தெரியாது. சுழிகளைக் கொக்கின் மார்பிலும் கொண்டுபோய் வைக்கும். விட வேண்டியதை விடாமல், இல்லாததைச் சேர்த்துவிடுகிறது.

இந்தக் கணக்குகளைத் தெரிந்துகொண்டால் வீட்டுக் கணினியில் கிடைக்கும் படங்களும் தேறும். ஃபில்டரின் ஆரம் பிக்சல் கணக்கில்தான் இருக்கிறது. 6000 பிக்சல் படத்தில் ஆரம் 5 என்பது கண்ணுக்கே தெரியாது. அதே படத்தை 1500 பிக்சலாகச் சுருக்கினால் தீற்றல் பளிச்சென்று தெரியும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படமானால் இரைச்சலை முதலில் நீக்கிவிடுங்கள். போக்கைத் தேடும் ஃபில்டர் இரைச்சலிலும் ஒரு போக்கைக் கண்டுபிடித்து, வானம் முழுக்கப் புழுப்போன்ற கோடுகளை இழுத்துவிடும். கேமராவே படத்தைக் கூர்மையாக்கிக் கொடுத்திருந்தால் சுள்ளிகளைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு இருக்கும். ஃபில்டர் அதைத் தடித்த வெள்ளைப் பட்டையாக்கும். ஆகவே கூர்மையாக்கும் வசதியை அணைத்துவிட்டு எடுத்த படமே இந்த வேலைக்கு நல்லது. பிளெண்டர் என்ற மென்பொருளின் 4.0 பதிப்பில் குவஹாரா ஃபில்டர் இலவசமாகக் கிடைக்கிறது. நீள்வட்ட வகையும் அதில் உண்டு.

முழுப் படத்துக்கும் ஒரே ஆரம் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு பறவைப் படத்தை மூன்று ஆரங்களில் ஓவியமாக்கி, மூன்றையும் அடுக்குகளாக வைத்து, முகமூடி (மாஸ்க்) கொண்டு பின்னணிக்குப் பெரியதையும் பறவையின் உடலுக்கு நடுத்தரமானதையும் தலைக்குச் சிறியதையும் தேர்ந்தெடுங்கள். டிகார்லோவின் கருவி செய்ததை உங்கள் கண்ணே செய்துவிடும். பறவையின் கண்ணில் மின்னும் வெள்ளைப் புள்ளிக்கு மட்டும் அந்தச் சிறிய ஆரமும் உதவாது. சுருக்கிய படத்தில் அது ஒன்றிரண்டு பிக்சல் அகலம்தான் இருக்கும். குவஹாராவின் எந்தச் சிறு கட்டத்தையும் அதனால் முழுதாக நிரப்ப முடியாது. அது இருக்கும் கட்டத்தில் எப்போதும் சிதறல் அதிகம், எனவே ஒவ்வொரு தேர்விலும் கறுப்பு விழியிடம் தோற்று மறைந்துபோகும். அந்த ஒரு புள்ளியை மூலப் புகைப்படத்திலிருந்து எடுத்து, மேலடுக்கில், சிறு தூரிகையால் நீங்களே வைக்க வேண்டியிருக்கும்.